தெருமுக்கில் ஒரு முடிச்சு

அம்பாளின் தலைக்கு மேலே கம்பி போகக் கூடாது. அது ஊர் வழக்கம். கோயில் திருவிழாவான கொடை அன்று அம்பாளின் வாகனம் தெருவுக்குள் வரும்போது மின்சாரத்தை நிறுத்திக் குறுக்குக் கம்பியைக் கழற்றுவார்கள். குறுக்கே கட்டிய தோரணத்தை அவிழ்ப்பார்கள். கேபிள் டிவி வந்த பிறகு அந்த வயரையும் வெட்டிவிட்டு, வாகனம் கடந்ததும் முறுக்கிச் சேர்த்தார்கள். படம் முன்போலவே தெரிந்தது. யாருக்கும் குறையில்லை.

சிவப்ரியா வீட்டுக்கு இப்போது வருவது இன்டர்நெட் வயர். பார்வைக்கு அதேதான். கறுப்பு நிறம், அதே தடிமன், அதே தூண்கள். உள்ளே மட்டும் செம்புக்குப் பதிலாகத் தலைமுடி போல ஒரு கண்ணாடி நார்.

அந்த நாரில்தான் வீடு நின்றது. புருஷன் ஆனந்தகிருஷ்ணனுக்கு மஸ்கட் வேலை போய்விட்டது. வடசேரியில் ஒரு கடையில் நிற்கிறான். கொடைக்குக்கூட லீவு கிடையாது. அவளுக்குச் சென்னைக் கம்பெனியில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் வேலை. முன்பு அங்கே ஹாஸ்டலில் இருந்தாள். அப்போது ஊரில் இருந்த மகள் நந்தனா அவளைச் சென்னையம்மை என்று கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆகி, ஊர் வந்து சேர்ந்து, வெகுநாள் கழித்துத்தான் அந்தச் ‘சென்னை’ உதிர்ந்து வெறும் அம்மை ஆனாள்.

இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு தடவை லைன் போயிருந்தது. ஒரு தடவை தென்னை மட்டை விழுந்தது. இன்னொரு தடவை கால்வாய் தூர்வார வந்த எந்திரம் இழுத்துவிட்டது. இனி ஒருமுறை வேலை நேரத்தில் லைன் போனால் சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்று கம்பெனி எழுதிவிட்டது.

அதனால் முந்தின நாளே மாமனாரிடம் சொல்லி வைத்தாள். தாணு கொடைக் கமிட்டியில் மூத்தவர்.

“மாமா, நம்ம வயரை வெட்டப்பிடாது, கேட்டியளா? சுதன் வந்து தூணுல உள்ள கொளுத்தைக் கழத்தித் தரையில இறக்கிப் போடுவான். அம்பாள் அதைத் தாண்டிப் போட்டும்.”

“தரையில கெடந்தா தோஷமில்ல. தலைக்கு மேலதான் ஆகாது.” தாணு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “நீ சும்மா இரி மக்கா. நான்லா முன்னால நடக்கேன்.”

சுதன் இன்டர்நெட் லைன் பார்ப்பவன். வாகனம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

கொடை அன்று மத்தியானம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்பாள் நனையக் கூடாதென்று வாகனத்தை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிவப்ரியா தெருவில் செண்டை மேளம் கேட்டதும் ஈரக்கையோடு ஓடினாள்.

அவள் தெருமுக்குக்குப் போனபோது வாகனம் கடந்திருந்தது. தாணு ஏணியில் நின்று வயரில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சுதன் வரல்ல பாத்துக்கோ. அம்பாளை முக்குல நிறுத்தி வைக்க முடியுமா? அதான் நானே வெட்டி, நானே முடிஞ்சேன். வேற எவனும் கை வச்சா கொளமாக்கிருவான்.”

ஏணியைப் பிடித்திருந்த கமிட்டிக்காரர் ஜெயசிங் சிரித்தார். “இதுல ஆனையைக் கெட்டலாம் அண்ணாச்சி.”

நல்ல முடிச்சுதான். வண்டியில் வைக்கோல் ஏற்றிக் கட்டும்போது போடுவது. இழுக்க இழுக்க இறுகும். சிவப்ரியா வாயைத் திறந்தாள். அவர் மார்பில் சந்தனம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. வயதான கால் ஏணிப்படியில் நடுங்கியது.

“பாத்து இறங்குங்க மாமா” என்றாள்.

மழை விழ ஆரம்பித்த பிறகு சுதன் பைக்கில் வந்தான்.

“இரணியல் ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டேன் அக்கா. ஒரு வண்டி போச்சு, தொறப்பான்னு பாத்தா, இன்னொண்ணு…” அண்ணாந்து முடிச்சைப் பார்த்தான். சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

“ஒட்டிரலாம்லா?”

“ஒட்டுற மெசின் எங்களுக்கு ஒண்ணுதான். அது இப்பம் குலசேகரத்துல கெடக்கு. நாளைக்கு மத்தியானம் ஆவும்.”

“எனக்குச் சாயங்காலம் ஷிப்டு சுதா.”

“தெரியும் அக்கா.”

“ரெண்டு நுனியையும் சும்மா சேத்து வச்சா, கொஞ்சமாச்சும்…”

“செம்புன்னா போவும். இது வெளிச்சம்லா? முடிச்சுல போவாது.” ஹெல்மெட்டைத் துடைத்தான். “மாமாட்ட நான் சொல்லட்டா?”

“வேண்டாம்.”

மாலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். போனில் சிக்னல் ஒரு கோடு தெரிந்தது. மற்ற நாளென்றால் இரண்டு தெரியும். இன்று ஊர் முழுக்க அம்பாளைப் படம் பிடித்துத் துபாய்க்கும் குவைத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பெனியின் இணையப்பக்கம் பாதி திறந்து நின்றது. மறுபடி முயன்றாள். பாதிதான் வந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தாள். அங்கே அந்த ஒரு கோடும் இல்லை.

இறங்கியதும் டீம் லீடர் இசபெல் போனில் கூப்பிட்டாள். “சிவா, இன்னும் லாகின் ஆகலையே?”

“லைன் போயிட்டு மேடம்.”

“மறுபடியுமா? என்ன ஆச்சு?”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சிவப்ரியா யோசித்தாள். கோயில் ஒலிபெருக்கி அலறியது. “கோயில்ல கொடை. வயரை வெட்டிட்டாங்க.”

“யாரு?”

சிவப்ரியா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

“நான் என்ன பண்ணுவேன் சிவா? போன தடவையே நான்தான் பேசித் தப்பிக்க வச்சேன். திங்கக்கிழமை இங்க இருங்க. ஹாஸ்டல்ல சொல்லி வைக்கட்டுமா?”

மழை மறுபடி தூறியது. மடிக்கணினியைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

“சொல்லி வையுங்க மேடம்.”

தாணு தூக்குவாளியில் பாயசத்தோடு வந்தார். தோளில் நந்தனா. கை நிறையக் கொடைக்கடை வளையல். சிவப்ரியா தன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தாணு கதவருகே நின்று சுவரிலிருந்த மோடத்தை எட்டிப் பார்த்தார். “லைட்டு எரியுதுல்லா மக்கா?”

பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விட்டுவிட்டு எரிந்தது.

“எரியுது மாமா.”

“பின்ன?” பேத்தியைத் தோளிலிருந்து இறக்கினார். “தாத்தா போட்ட முடிச்சாக்கும்.”

அவர் பாயசத்தோடு அடுக்களைக்குப் போனார். நந்தனா வாசற்படிக்கு வெளியே நின்றாள். அம்மை நாற்காலியில் இருந்தால் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

“வா” என்றாள் சிவப்ரியா.

“வேலை இல்லியா அம்மை?”

“இண்ணைக்கு இல்ல.”

பிள்ளை ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, அம்மையின் முகத்தைப் பார்த்தாள்.