இரண்டாம் பந்திக்கு வந்த மோட்டார் சைக்கிள்

1

எழுத்தாளர்களுக்குக் கதை எங்கிருந்து வருகிறது என்பது பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒருவருக்கு நிலாவிலிருந்து வருகிறது. இன்னொருவருக்கு ஆத்மாவின் ஆழத்திலிருந்து. எனக்கு இந்தக் கதை வந்தது கரி பஸ்ஸில். யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். ஓடுகிற என்பது மரியாதைக்குச் சொல்வது. வீரபாண்டி தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் அடுப்பைக் கிளறினார். கண்டக்டர் டிரைவரைக் கிளறினார். என் பக்கத்தில் இருந்தவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"இதே ரோட்டுலதேன் எங்க மொதலாளி மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுனாக. பத்து வருசம் இருக்கும்."

"ஜெயிச்சாரா?"

"அதெல்லாம் இல்ல. பிள்ளைக்குப் பேரு விட்டாக."

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருக்க எனக்கு மனமில்லை. பஸ்ஸுக்கும் அவசரமில்லை. அவர் பெயர் சங்கிலி. தேனிப் பருத்திக் கடையொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பந்தயம் நடந்த அன்று அவர் சாலையில் இல்லை. அதனால்தான் எல்லா விவரமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

2

முதல் வாக்கியம்:

"மேற்கு மலைகள் நீல முக்காடிட்டு நாணி நிற்க, முல்லையாறு வெள்ளிச் சலங்கை கட்டி–"

[அடித்துவிட்டேன். மலை நாணுவதை நான் பார்த்ததில்லை. ஆற்றில் அன்று எருமைகள் இருந்தன.]

இரண்டாவது முயற்சி:

"பாரத நாட்டின் வீர மைந்தன் ஒருவன், வெள்ளையரின் இரும்புக் குதிரையில் ஏறி அவர்களையே வென்று–"

[வெல்லவில்லை. சங்கிலி முன்பே சொல்லிவிட்டார்.]

மூன்றாவது, நிற்கிறது:

நல்லகண்ணு என்ற பருத்தி வியாபாரிக்கு, சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத் துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் ஆள் உட்காரும் சைடுகார் வைத்த வண்டி. தேனியில் அதற்குத் தொட்டி என்று பெயர். நல்லகண்ணுக்கு அதை ஓட்ட ஒரு வாரத்தில் வந்துவிட்டது. நிறுத்த மட்டும் வைக்கோல் போர் தேவைப்பட்டது.*

* அல்லிநகரத்தில் அந்த வருஷம் வைக்கோல் போர் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாகச் சங்கிலி சொல்கிறார். அடிக்குறிப்பில் போட்டிருப்பதால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

3

இப்போது பகை. பகை இல்லாமல் தமிழில் கதை எழுத முடியுமா என்று ஒருநாள் முயன்று பார்க்க வேண்டும். இது அந்த நாள் இல்லை.

நல்லகண்ணின் மனைவி பவுனு, சின்னமனூர்க்காரி. அவள் தம்பி ஒச்சாண்டியின் கல்யாணத்தில், முதல் பந்தி போட்டபோது, மூத்த மாப்பிள்ளையான நல்லகண்ணு பந்தலுக்கு வெளியே யாருக்கோ தன் கைக்கடிகாரத்தின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்து மணி பார்த்தபோது முதல் பந்தி எழுந்துவிட்டது. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். அப்பளம் உடைந்து வந்தது.

"ஒச்சாண்டி என் வீட்டு வாசலுக்கு வந்து வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணும். அதுவரைக்கும் எம்பொண்டாட்டி காலு அந்த வாசப்படியில படாது" என்று அவர் சபையில் சொன்னார்.

"பந்தி நேரம் தெரியாத ஆளுக்கு நான் எதுக்கு வெத்தல வைக்கணும்?" என்று ஒச்சாண்டி அதே சபையில் சொன்னான்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் ஒச்சாண்டிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குப் பேர் விடுவது அத்தையின் உரிமை. மடியில் வாங்கி, காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம். ஒச்சாண்டி அக்காவைத் தவிர வேறு யாரையும் கூப்பிட மறுத்தான். அக்காவைக் கூப்பிடவும் மறுத்தான். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. பேர் மட்டும் இல்லை. "ஏலே" என்றால் திரும்பும். "ஏலே" என்றால் அந்தத் தெருவே திரும்பும் என்பது வேறு விஷயம்.

ஒரு அப்பளத்துக்காகவா என்று கேட்காதீர்கள். இதைவிடச் சின்னக் காரணத்துக்கு ராஜ்யங்கள் அழிந்ததைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள்தானே நாம்.

4

பந்தயத்தை நடத்தியவர்கள் மலைத்தோட்டத்துத் துரைமார். தேனியில் புறப்பட்டு, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம். அங்கே விருந்து. தொட்டி வண்டிகளுக்குத் தனி விதி: தொட்டியில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும், ஏறியவர் கம்பத்தில்தான் இறங்க வேண்டும், நடுவில் கால் தரையில் பட்டால் வண்டி கணக்கில் சேராது.

நல்லகண்ணு பேர் கொடுத்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. அவர் இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்.

தொட்டியில் உட்காரச் சங்கிலியைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, நான் கணக்குத்தேன் எழுதுறேன். உயில் இன்னும் எழுதல" என்றார் சங்கிலி.

உள்ளேயிருந்து பவுனு கேட்டாள்: "சின்னமனூர் வழியாத்தான போறீக?"

"வழியாத்தேன். நிக்க மாட்டேன்."

"நிக்க வேணாம். நான் வாரேன்."

5

இந்த இடத்தில் பேனா நின்றது. எனக்குப் பவுனின் மேல் சந்தேகம்.

மூன்று வருஷம் இந்த விஷயத்தில் வாய் திறக்காத பெண் இவ்வளவு சீக்கிரம் சரி என்கிறாள். முதல் பிரதியில், தம்பி வீட்டை ஒரு கணம் கண்ணால் பார்த்தால் போதும் என்று ஏங்குகிறவளாக எழுதினேன். ஒரு துளிக் கண்ணீரும் சேர்த்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை. பவுனு அப்படி ஏங்குகிறவள் இல்லை என்பது சங்கிலியின் வாக்குமூலம். பேட்டையில் மூன்று தெரு தள்ளிப் போகிற வண்டியை அவள் வீட்டு வாசலில் இருந்தே கூப்பிட்டு நிறுத்துவாளாம். அவள் குரலுக்கு மாடு முதலில் நிற்கும், பிறகுதான் வண்டிக்காரன்.

(இந்தக் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அது ஒருமுறை காணாமல் போகப் போகிறது.)

இன்னொன்று. சின்னமனூரிலிருந்து தேனிக்குப் பருத்தி வண்டிகள் தினமும் வந்து போகின்றன. பருத்திக்கு எடை போடுவார்கள். வாய்ச்சொல்லுக்கு எடை போடுவதில்லை. பந்தயத்துக்கு முன்னால் பவுனு ஏதாவது சொல்லி அனுப்பினாளா? தெரியாது. இந்தக் கதையை எழுதுகிறவன் நான்தான். எனக்கே தெரியாது என்றால் வெட்கம்தான்.

6

சின்னமனூரில் தண்டோரா போட்டிருந்தார்கள்: துரைமார் வண்டி வரிசையாக வருகிறது, மரியாதையாக இருக்க வேண்டும். ஊருக்கு, வரிசையாக வருகிற எதற்கும் தெரிந்த மரியாதை ஒன்றுதான். சாமி ஊர்வலம் வந்தால் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலை போட்டு, சப்பரம் தூக்கி வருகிறவர்களின் காலில் ஊற்றுவார்கள். துரைக்கும் அதையே செய்தால் தப்பா?

முதலில் வந்த துரைமார் வேகமாகப் போனதால் தப்பித்தார்கள். சிலருடைய பூட்ஸ் மட்டும் மஞ்சளானது. கடைசியாக, மெதுவாக, மாட்டு வண்டிக்கு வழிவிட்டு நல்லகண்ணு வந்தார். வேட்டியைப் பஞ்சகச்சம் கட்டி, மேலே கோட்டு, தலையில் தோல் தொப்பி, கண்ணில் பெரிய கண்ணாடி. ஒச்சாண்டியின் மனைவி இருளம்மாள் குடத்தோடு நின்றாள். பக்தியோடு, குறி தவறாமல், குடம் முழுவதையும் இஞ்சினில் ஊற்றினாள்.

இஞ்சின் இருமியது. நின்றது. எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒச்சாண்டியின் வாசலுக்கு நேரே.

நல்லகண்ணு உதைத்தார். மறுபடி உதைத்தார். வாசலில் ஒச்சாண்டி கையைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சொன்னான்: "யாரோ துரைன்னு நெனச்சேன். வேட்டியப் பாத்துத்தேன் வெளங்குச்சு."

"பவுனு, அங்கன யாரோ பேசுறாக. நீ திரும்பாத."

"நான் எங்கிட்டுத் திரும்புறது? இந்தத் தொட்டிக்குள்ள இடுப்பே திரும்பல."

"மதினி, எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் இருளம்மாள்.

"தண்ணிதேன் கொடத்தோட ஊத்திட்டீகளே" என்றார் நல்லகண்ணு, உதைத்தபடி. "பவுனு, காலு கீழ படப்பிடாது. ரூலு."

"யாரு ரூலு? துரை ரூலா, உங்க ரூலா?"

"ரெண்டுந்தேன்."

அவர் பார்க்கும்படி பவுனு இரண்டு காலையும் தொட்டிக்குள் இன்னும் நன்றாக இழுத்து மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இருளு, பிள்ளையத் தூக்கிட்டு வா."

"எங்க மதினி?"

"இங்கன. எம்மடிக்கு."

ஒச்சாண்டி வானத்திலிருந்து இறங்கினான். "வாசப்படி மிதிக்காம பேரு விடுறது எந்த ஊரு வழக்கம்?"

"வாசப்படிக்கா பேரு விடப்போறேன்? பிள்ளைக்குத்தான விடுறேன்" என்றாள் பவுனு. "நான் உன் வீட்டுக்கு வரல. நீ எங்க வீட்டுக்கு வரல. ரெண்டு ஆம்பளைக மீசையும் வச்ச எடத்துலயே இருக்கு. எடுத்துட்டு வா இருளு."

பிள்ளை வந்தது. தவழ்ந்த மண்ணோடு வந்தது. அத்தையின் மடியில் உட்கார்ந்து முதல் வேலையாகத் தொட்டியின் தோல் வாரைக் கடித்தது. பவுனு அதை வாயிலிருந்து எடுத்தாள். சேலைத் தலைப்பால் தன் வாயையும் பிள்ளையின் காதையும் சேர்த்து மூடிக்கொண்டு குனிந்தாள்.

நல்லகண்ணு உதைத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்குள், தலைப்புக்கு அடியில் மூன்று தரம் உதடு அசைவது தெரிந்தது. பிள்ளையை இருளம்மாளிடம் கொடுத்தாள். கணவரைப் பார்த்துத் தலையாட்டினாள். மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில் நல்லகண்ணு பறந்தார்.

"அக்கா, என்ன பேரு?" ஒச்சாண்டி புழுதியில் ஓடினான். வேட்டி அவிழ ஓடினான். மூன்று வருஷத்தில் அவன் அக்காவை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். "அக்கா, பேரச் சொல்லிட்டுப் போ."

மூன்று தெரு மாட்டை நிறுத்துகிற குரல் அவளுக்கு இருந்தது. அவள் கையை மட்டும் ஆட்டினாள்.

7

கம்பம். சுருக்கமாக எழுதுகிறேன், வெற்றியை விவரிக்கத்தான் பக்கம் தேவை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கொடி, கோப்பை, கைதட்டல் எல்லாம் முடிந்திருந்தன. துரைமார் சாப்பிட்டுவிட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெஞ்சியைக் காட்டினார்கள். தட்டில் பிஸ்கட் வந்தது. பெரும்பாலும் உடைசல். நல்லகண்ணு தொப்பியைக் கழற்றி, எழுந்து நின்று, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

பவுனு அவரையே பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. இங்கன ரெண்டாம் பந்தி தித்திக்குது போல."

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். வண்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பயலுக்கு என்ன பேருதேன் விட்ட?"

"வீரபாண்டி ஆத்தங்கரையில பொங்க வைக்கப் போறேன். அவனும் வரட்டும், நீங்களும் வாங்க. அது உங்க வீடுமில்ல, அவன் வீடுமில்ல. ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காருங்க. சாம்பார் ஊத்தையில சொல்றேன்."

"எனக்கு மட்டும் சொல்லக் கூடாதா?"

"எதுக்கு? தேனி பூராம் தமுக்கடிக்கவா?"

8

முடிவுகள்.

(அ) நல்லகண்ணு பகை மறந்து மைத்துனனைக் கட்டித் தழுவுகிறார். இருவர் கண்ணிலும் நீர். பின்னணியில் கோயில் மணி. [சங்கிலியிடம் இதைச் சொன்னேன். "மணி அடிக்கல" என்றார். தழுவியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.]

(ஆ) பேரை மறைத்து வைத்தே பவுனு இரண்டு குடும்பத்தையும் ஆள்கிறாள். பிள்ளை "ஏலே" என்ற பேரோடு வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்து– [வேண்டாம். பிள்ளை பாவம்.]

(இ) பவுனு அன்று எந்தப் பேரும் சொல்லவில்லை. சும்மா உதட்டை அசைத்தாள். [இது எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.]

9

வீரபாண்டிக்குச் சங்கிலியும் போனார். பரிமாறியது அவர்தான். ஆகவே இது சாட்சியோடு கூடிய பகுதி. சுவை குறைவாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆற்றங்கரையில் பவுனு இரண்டு இலை போட்டாள். இரண்டும் ஒரே அளவு. எது தலை இலை என்று தெரியக் கூடாதென்று வரிசையாகப் போடாமல், ஒரு புளியமரத்து வேருக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே போட்டாளாம். இரண்டிலும் முழு அப்பளம். நல்லகண்ணு இந்தப் பக்கம் வந்து நின்றார். ஒச்சாண்டி அந்தப் பக்கம் வந்து நின்றான். முதலில் உட்கார்ந்தவன் இறங்கி வந்தவன் ஆகிவிடுவான். இருவருக்கும் தெரியும். ஆகையால் இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். எருமைகளைப் பார்த்தார்கள். நல்லகண்ணு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று கையைக் கீழே விட்டார்.

பவுனு சாம்பார் வாளியைச் சங்கிலியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை இரண்டு இலைக்கும் நடுவில் இறக்கி விட்டாள். அது ஒரு இலையைப் பார்த்துத் தவழத் தொடங்கியது. எந்த இலை என்று–

பஸ் கிளம்பிய சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை என்று இங்கே எழுதலாம். வசதியான பொய். பஸ் கிளம்பவில்லை. சங்கிலி முழுவதும் சொன்னார். நான் முழுவதும் கேட்டேன். யார் முதலில் உட்கார்ந்தது என்பதும், பேர் என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் இந்த இருவரைப் போலத்தான்: பேரைக் கேட்டுக்கொண்டு, யார் தோற்றார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள்.

வாளி சங்கிலியின் கையில் இருக்கிறது. இருவரும் நிற்கிறார்கள். ஒருவரை நீங்கள்தான் உட்காரவைக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். பிள்ளை ஏற்கெனவே ஒரு அப்பளத்தை உடைத்துவிட்டது.