வண்டி நுழையும் அகலம்

அப்பாவுக்குக் கோடி வேட்டி கட்டி, பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது பூங்குழலியின் போன் அடித்தது. மண்டி மொஹல்லா மெக்கானிக் மனோஜ்குமார், கன்னடம் கலந்து தமிழ் பேசுபவன். இழவு வீடு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? திருநீற்றுக் கையோடே எடுத்தாள்.

"மேடம், என்ஜினைப் பிரிச்சு மூணு வாரமாச்சு. செய்யட்டுமா, இல்லை வேண்டாமா, பேடவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஷெட்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"நாளைக்குச் சொல்றேன்."

வாய்ப் பழக்கம். மூன்று வாரமாக அவனுக்கு இதே பதில்தான். அப்பாவுக்குத்தான் வேறு பதில்.

அப்பா கந்தசாமிக்குக் கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஆசை. மாநில எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கொளத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருக்க வேண்டும். இதயம் பலவீனமானவர், பஸ் ஏற முடியாது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால், "அவன் சாவிய ஆட்டிக்கிட்டே வாசல்ல நிப்பான். பேச்சு ஓடுமா?" என்பார். சொந்தக் காரோ புகை கக்கியது. பிரித்துப் பார்த்த மனோஜ்குமார் சொன்ன செலவு, அந்தக் காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று பூங்குழலியின் கணவன் ஹேமந்த் சிரித்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவளும் செய் என்று சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினாள். காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதெல்லாம் அப்பா கேட்பார்.

"வண்டி என்னாச்சு கண்ணு?"

"அடுத்த வாரம்ப்பா."

நம்பிவிடுவார். அவர் நம்பியதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. நேற்றுச் சாயங்காலம் நடக்கப் போகலாம் என்று செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

தேவம்மா அத்தை வரட்டும் என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள். விடிந்து முதல் பஸ் பிடித்து, கொள்ளேகாலத்தில் மாறி, பன்னிரண்டு மணிக்கு அத்தை வந்து இறங்கினாள். தம்பியைப் பார்த்து ஆறு வருஷமாகியிருந்தது. அவர் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றாள். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

ஈரத் தலையோடு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அத்தை அதையே பார்த்தாள்.

"வண்டி எங்க கண்ணு?"

"ரிப்பேருக்கு விட்டிருக்குங்க அத்தை."

"ஆமா, போன்ல சொன்னான். அடுத்த வாரம் ரெடியாயிரும், மொத சோலி உன்ற ஊட்டுக்கு வாறதுதான்னான். தெருவுல நிறுத்துனா பசங்க கோடு போட்டுருவானுங்க, உள்ள உட்டுக்கலாமான்னு கேட்டான். என்ற வாசல்ல சைக்கிள்தான் நொழையும். ஆள உட்டு, கல்லுக்கால் ரெண்டையும் புடுங்கித் தள்ளி நட்டு, வேலியப் பிரிச்சுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப ஊரு ஆடெல்லாம் பூந்து அவரைய மேயுது. போனதும் அடைச்சுப்போடோணும்."

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அத்தை, வண்டி ரெடியாகவே இல்லை. செலவைப் பாத்து நான்தான் செய்யச் சொல்லலை. அப்பாகிட்ட சும்மா சொல்லிட்டே இருந்தேன்."

அத்தை தெருவைப் பார்த்தாள். பிறகு பூங்குழலியின் முடியில் ஒட்டியிருந்த மாலைப் பூவிதழ் ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள்.

"தலையத் தொவட்டு. சளி புடிச்சுக்கும்."

"வேலிய அடைக்காதீங்க அத்தை."

அங்கேயே உட்கார்ந்து மனோஜ்குமாரைக் கூப்பிட்டாள். "செஞ்சிருங்க" என்றாள்.

"ஃபைனலா மேடம்? அப்புறம் பேடான்னு சொல்லக் கூடாது."

"ஃபைனல்தான்."

சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பிய ஹேமந்தின் காதில் அது விழுந்தது. "இனிமே யாருக்கு?" என்று கேட்க வாயெடுத்தவன், அத்தையின் முகத்தைப் பார்த்ததும் குழாயடிக்குப் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அத்தையைக் கொண்டுபோய் விடக் காரை எடுத்தாள் பூங்குழலி. முன் சீட்டில் உட்காரச் சொன்னால் அத்தை கேட்கவில்லை, தம்பி உட்காரும் இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். மலையேறி இறங்கியும் புகை இல்லை, முனகல் இல்லை. அப்பா இருந்தால் பாலாறு வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்திருப்பார். அவர் குரலுக்காக அவள் காது ஏங்கியது.

கொளத்தூரில், ஆடு புகாமல் பக்கத்து வீட்டார் இழுத்துப் போட்டிருந்த முள்ளை அத்தை இறங்கி ஒதுக்கினாள். உள்ளே நின்று இரண்டு கையாலும் அழைத்தாள்.

"வா... வா... இன்னும் வரலாம்."

இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் விட்டு வண்டி உள்ளே நுழைந்தது. பூங்குழலி என்ஜினை அணைத்தாள். அத்தை சுற்றி வந்து, இடப்பக்க முன் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.