நாலாவது கண்ணின் சத்தம்

மகள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, பழைய ரிசீவரின் முதுகைத் துழாவிக்கொண்டிருந்தாள். தூசி மூக்கில் ஏறியது. தும்மினால் டார்ச் விழும். அடக்கிக்கொண்டாள்.

"என்னக்கா தெரியுது?" தம்பி அலமாரிக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ம்ம்."

"ம்ம்னா?"

டார்ச்சைக் கையில் எடுத்தாள். "உன் மூஞ்சி தெரியுது. வெளிச்சத்த மறைக்காம தள்ளு."

மணி ஒன்பதே கால். பதினோரு மணிக்கு ஆற்றின்மேல் கட்டிய புதுப் பாலத்தில் முதல் ரயில் ஓடுகிறது. டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஊரில் பாதிப் பேர் காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். அப்பாவால் போக முடியாது. நுரையீரலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பி நாலு நாள் ஆகிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ரயிலின் சத்தம்.

பாலத்துக்கு ஏழு கண். தூணுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு கண். அதில் நாலாவது, நட்டாற்றில் நிற்பது, அப்பா வேலை செய்தது. ஆள் உயரத்துக்கு இருக்கும் ஸ்பானரை வைத்து போல்ட் முறுக்குவது அவர் வேலை. முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து இரும்புத் தகடு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஸ்பானர் அண்ணன் என்றால் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி மாதத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. யாரோ ஆபீசில் போய்ச் சொன்னார்கள். ஒருநாள் காலை வேறு இரண்டு பேரை நாலாவது கண்ணில் ஏற்றி, அவர் முறுக்கிய போல்ட்டையெல்லாம் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அவரைக் கீழே மணலில் உட்காரவைத்தார்கள். பார்த்து முடித்தவர்கள் இறங்கி வந்து கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். சரி என்று யாரும் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும், "வண்டி ஏறட்டும், அது சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

முந்தாநாள் தம்பி புது டிவி வாங்கி வந்தான். கதவகலம் இருந்தது. பழைய டிவி எரிந்துபோய் ஆறு மாதமாகிறது. அப்பா கட்டிலிலிருந்து அதை ஒரு பார்வை பார்த்தார். உள்ளிருக்கும் ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"கொசு," என்றார்.

"அப்பா, இது ஸ்மார்ட் டிவி."

"ஸ்மார்ட் கொசு." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுல ரயிலும் ஒண்ணுதான், தையல் மெஷினும் ஒண்ணுதான். லூசான போல்ட்டு அடித்தொண்டையில பேசும்டா. பெரிய பெட்டியில போடு."

பெரிய பெட்டி என்றால், சத்தத்தைப் பெருக்கும் ரிசீவரோடு சேர்ந்த பெரிய ஸ்பீக்கர். வீடு காலி செய்துகொண்டு போனவர்களிடமிருந்து பதினெட்டு வருஷத்துக்கு முன் வாங்கி, ரிசீவரைத் தோளிலும் பெட்டியைத் தலையிலுமாக இரண்டு நடையில் கொண்டுவந்தார். ரிசீவர் மட்டும் அரை மூட்டை சிமெண்ட் கனம். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டால் சமையலறையில் தட்டு நடுங்கும். அம்மா அதை மூத்தாள் என்றுதான் சொல்வாள்.

பழைய டிவிக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர் போதும். புது டிவியின் முதுகில் அந்த ஓட்டையே இல்லை. மூடி போட்ட சதுர ஓட்டை ஒன்று இருந்தது. அதே மாதிரி ஒன்று ரிசீவரிலும் இருந்தது. நேற்று கடைக்காரர் அதற்கென்று மெல்லிசாக ஒரு கறுப்பு வயர் கொடுத்தார். காலையில் தம்பி சுவரில் டிவியை அறைந்து, வயரையும் இழுத்து மாட்டிவிட்டான். படம் பளபளவென்று வந்தது. பெரிய பெட்டி வாயே திறக்கவில்லை. ரிசீவரில் இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார்கள். டிவிக்குள் போய் சவுண்டு என்று எழுதியிருந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள்.

"ரேடியோ அக்காவக் கூப்பிடு," என்றாள் அம்மா, அப்பாவுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தபடி.

ரேடியோ அக்கா ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அவளும் ஆற்றங்கரையில்தான் இருந்தாள். போனில் கூட்டத்தின் இரைச்சல்.

"ஒண்ணும் பதறாதே. அந்த வயர ரிசீவர் பக்கம் பிடுங்கு. முனையில செவப்பா வெளிச்சம் வருதா பாரு."

மகள் பிடுங்கிப் பார்த்தாள். "இல்லக்கா. இருட்டா இருக்கு."

"டிவி பக்கம்?"

தம்பி பார்த்தான். "இங்க வருது."

"அப்போ நடுவுல போச்சு. வயர மடிச்சீங்களா?"

மகள் டார்ச்சை வயரின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனாள். சுவர் மூலையில் அது கச்சிதமாக, மட்டம் வைத்தது போல் செங்கோணமாக மடிந்து திரும்பியது. அலமாரிக் காலில் இன்னொரு மடிப்பு. ஆணிக்கு ஆணி கட்டுக்கம்பி போட்டு, கொக்கியால் முறுக்கி, நாலு இடத்தில் இறுக்கியிருந்தது. தம்பிக்குக் கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு சதுரக் கம்பி ரிங் மடிப்பான்.

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"தொங்கிட்டிருந்துச்சு," என்றான். "நீட்டா இருக்கட்டும்னு."

போனில் ரேடியோ அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கட்டுக்கம்பியா? ஏன், மேல காங்கிரீட் ஊத்தலையா? அடேய், அது கரண்டு போற வயர் இல்லடா. உள்ள வெளிச்சம் போகுது. வெளிச்சத்துக்கு முட்டி மடங்காது. அது செத்துப்போச்சு."

"வேற வாங்கிட்டு வரேன்," தம்பி சட்டையை எடுத்தான்.

"கடைக்காரர் எனக்கு முன்னாடிதான் நிக்கிறார், தோள்ல பிள்ளைய வச்சுக்கிட்டு. கடை பூட்டிக் கிடக்கு. நாங்க வந்து சேர மதியம் ஆகும்."

கட்டிலில் அப்பா கண்ணை மூடியிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விலா எலும்பு ஏறி இறங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. நேற்றைக்கு இன்று அந்த ஏற்ற இறக்கம் இன்னும் சின்னதாகியிருந்தது. மதியம் வரைக்கும் என்பதை மகள் மனசுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

"டிவி பக்கவாட்டுல ஹெட்போன் மாட்டுற ஓட்டை இருக்கா பாரு," என்றாள் ரேடியோ அக்கா.

இருந்தது. ரிசீவரின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வயர் ஏற்கெனவே மாட்டித் தொங்கியது. அப்பா போனில் பாட்டுக் கேட்பது அதில்தான். அதன் மறுமுனையில் ஹெட்போன் ஊசி. மகள் அதை எடுத்து டிவியை நோக்கி நீட்டினாள். ஒரு முழம் எட்டவில்லை.

"ரிசீவர நகத்து," என்றாள் தம்பியிடம்.

"நகத்தினா பெரிய பெட்டி வயர் எட்டாது."

"அப்போ டிவிய இறக்கு."

"நாலு ஆணிக்கா. மட்டம் பாத்து அடிச்சேன்."

"இறக்குடா."

இறக்கினான். ஸ்டூலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓட்டை இடது ஓரத்தில் இருந்தது, அலமாரி குறுக்கே நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊசி எட்டவில்லை. டிவியின் முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பினால் மட்டும் எட்டியது. தம்பி ஆசையாய் வாங்கிய டிவி, அப்பாவுக்குத் தன் கறுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்து நின்றது.

"இப்படி வச்சா அப்பா எப்படிப் பாப்பாரு?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "படம் யாருக்கு வேணும்."

பத்தே முக்கால். மகள் ஊசியைச் செருகினாள். ரிசீவரில் கடைசிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. "டிவில சவுண்டு கூட்டு," என்றது போன். கூட்டினாள். தரை முதலில் அதிர்ந்தது, பிறகுதான் காதுக்கு வந்தது. சமையலறையில் தட்டுகள் நடுங்கின.

"மூத்தா எழுந்துட்டா," என்றாள் அம்மா.

டிவியில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். பாலத்தின் நீளம், உயரம், யார் யார் வந்திருக்கிறார்கள், யார் யாரைப் பாராட்டினார்கள். பெரிய பெட்டியில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

"இவனுக்கு மூச்சே வாங்காதா," என்றார் அப்பா. "எனக்குக் கொஞ்சம் கொடுக்கச் சொல்லு."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். படம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. "தண்ணி மட்டத்துல ஒரு கேமரா வச்சிருக்கான். கீழேருந்து தெரியுது பாலம். எஞ்சின் வந்துருச்சு. மாலையெல்லாம் போட்டு..."

"நீ சொல்லாதே."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பேசிக்கொண்டிருந்தவரும் அந்த நேரத்தில் எதற்கோ நிறுத்தினார்.

முதலில் ஒரு இரைச்சல். அப்புறம் இரும்பில் இரும்பு ஏறும் சத்தம். மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணு," என்றார்.

அம்மா டிவியைப் பார்த்து, மகளைப் பார்த்து, தலையாட்டினாள்.

"ரெண்டு." அதில் எங்கோ ஒரு தகடு லேசாகக் கிலுங்கியது. மகளுக்கே கேட்டது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டாவது கண்ணு. அத முறுக்குனவன் எப்பவுமே அவசரம்."

"மூணு."

பெட்டி ஆழமாக, ஒரே சீராக முனகியது. மாவரைக்கும் கல் சுற்றுவது போல் இருந்தது. ஒரு சக்கரம், அடுத்த சக்கரம், அடுத்தது. மகள் ஒரு டொக்குக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள். அப்பா எண்ணைச் சொல்லவில்லை. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நாலு விரலைக் காட்டினாள். பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. பிறகு சத்தத்தின் நிறம் மாறியது.

"அஞ்சு," என்றார் அப்பா. பிறகு கண்ணைத் திறந்தார். "கேட்டியா?"

"என்னப்பா?"

"நாலாவதுல ஒண்ணுமே கேக்கல பாரு."

தம்பி பதறி எழுந்தான். "கேக்கலையா? சவுண்டு கூட்டவா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. அம்மா ஓடிவந்து முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அடங்கியதும், "இவனுக்குச் சொல்லிக் கொடுடி," என்றார் மகளிடம். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையை அவர் போர்வைக்குள் மறைக்கவில்லை.

ரயில் அக்கரை போய்ச் சேர்ந்ததும் மேடையில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நாலாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா, "என்ன, இன்னும் ஒருத்தனையும் திட்டல," என்றபடி கட்டில் பக்கம் திரும்பினாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

மதியத்துக்கு மேல் வீடு நிறைந்துவிட்டது. ஆற்றங்கரையிலிருந்து நேராக வந்தவர்களின் காலில் மணல் இருந்தது. ரேடியோ அக்கா வந்து, ரிசீவரின் பின்னால் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, தம்பியின் தலையில் கைவைத்தாள். வெளியூரிலிருந்து வந்த பெரியப்பா, டிவி அடுப்பைப் பார்த்து நிற்பதைக் கண்டு முகம் சுளித்தார்.

"இதென்ன, சாவு வீட்டுல டிவி ஓடிட்டு. அதுவும் சமையலறையப் பாத்து. அணைங்கப்பா."

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.

"இல்லம்மா, நாலு பேர் வர்ற நேரம்..."

அம்மா குறுக்கிட்டாள். "மாமா, அதுல ஓடறது அவர் வேலை. இருக்கட்டும்."

பெரியப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி எழுந்துபோய் டிவியின் முகத்தைக் கூடத்துப் பக்கம் திருப்பப் பார்த்தான். ஊசி கழன்றுகொள்ளும்போல் இருந்தது. அப்படியே விட்டான்.

நாலரை மணிக்குப் பாலத்தில் வேலை செய்தவர்கள் ஆறு பேர் உடலை எடுத்துப்போக வந்தார்கள். எல்லோரும் காலையில் விழாவுக்கென்று போட்ட வெள்ளைச் சட்டையிலேயே இருந்தார்கள். ஆளுக்கு ஓர் இடம் பார்த்து, கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் நின்றவர், "தூக்கலாமா," என்று கேட்டார். குனிந்தார்கள்.

சமையலறைப் பக்கமிருந்து செய்தி வாசிக்கும் குரல் நின்றது. காலையில் ஓடியதை மறுபடி போட்டார்கள்; இரும்பில் இரும்பு ஏறியது.

குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். முதல் கண், இரண்டாவது கண். தகடு கிலுங்கியது. கால்மாட்டில் நின்ற ஒருவர் தரையைப் பார்த்தார். மூன்றாவது.

ஆறு பேரும் தலையைக் கொஞ்சம் பெரிய பெட்டியின் பக்கம் சாய்த்திருந்தார்கள். வாசலில் பேச்சு அடங்கியது. மகள் அலமாரியின் மேலிருந்த ரிமோட்டை எடுத்து, இரண்டு புள்ளி கூட்டினாள்.