தரைத்தள வீட்டுக்கு விலக்கு

பூவிழி பிடிவாதக்காரி என்பது தருமபுரிப் பொறியாளர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர், காங்கிரீட் போடும் நாளில் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும் என்று வருடக்கணக்காக ஒரே பாட்டு. போண்டாவுக்காகக் கூட்டத்துக்கு வருகிறவர்கள்கூட அவள் எழுந்தால் "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்பார்கள்.

ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தூண் இல்லாமல் வெளியே நீட்டிய தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கட்டுகிறவர்கள் சரியாகத்தான் கட்டுவார்கள். காங்கிரீட் சட்டியோடு ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்தால் கம்பி அடியில் போய் உட்கார்ந்துவிடும்; அப்புறம் தளம் தாங்காது. காங்கிரீட் மூடிவிட்டால் கடவுளுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில், "கம்பியத் தூக்கி விடுங்க" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியில் கட்டட மசோதாவைப் பரிசீலித்த சட்டமன்றக் குழு சங்கத்தைக் கூப்பிட்டது. பூவிழியும் தலைவர் அருள்குமாரும் பொம்மிடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. மாடியில்லாத சின்ன வீட்டுக்கும் இன்ஜினியர் வந்து நிக்கணும்னா எங்க உறுப்பினர்களே ஒத்துக்க மாட்டாங்க. ஏழைக்குச் செலவும்பாங்க. தரைத்தள வீட்டுக்கு விலக்கு குடுத்துட்டா இந்தக் கூட்டத்தொடர்லயே நிறைவேத்திடலாம். இல்லேன்னா இந்தப் பிரிவையே எடுத்துட வேண்டியதுதான்."

அருள்குமார் அவள் பக்கம் சாய்ந்தார். "ஒத்துக்கங்க மேடம். நம்ம ஆளுங்களும் வத்தல்மலைக்கெல்லாம் ஓடிட்டு இருக்க மாட்டாங்க. கெடைக்கறத வாங்கிக்குவோம்."

பூவிழிக்குத் தன் ஊர்ப்பக்கம் கண்முன் வந்தது. மாடி வைத்த வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பப் போகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இத்தனை வருட உழைப்பும் கைநழுவிப் போய்விடுமே என்ற பதைப்பு. பிறகு திருத்தம் கொண்டுவரலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள்.

சட்டம் வந்தது. சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். திருத்தத்தைப் பற்றி அவள் பேச்செடுத்தபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாசியில் கடத்தூர்ப் பக்கம் மாது என்ற விவசாயி, கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டின் வாசலில் நின்று, தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு மேல் நீட்டிய தளம் அப்படியே அவர்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பூவிழி துக்கம் கேட்கப் போனாள். உடைந்து கிடந்த தளத்தைக் குனிந்து பார்த்தாள். கம்பி அத்தனையும் அடியில் கிடந்தது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருந்த பொறியாளர் தங்கராஜ் வேலியோரம் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் அன்னைக்கு வரலைங்க மேடம். வரணும்னு சட்டத்துல இல்லையே. நல்லவேளை, நீங்க அந்த விலக்க வாங்கிட்டு வந்தீங்க. இல்லேன்னா நான் இந்நேரம் உள்ள இருப்பேன்."

அவன் குத்திக்காட்டவில்லை, மனதார நன்றி சொன்னான். அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மாதுவின் மனைவி தீர்த்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூடு அந்தச் சட்டத்துல வராதாம் கண்ணு. மாடி வூட்டுக்காரங்க உசுருதான் உசுரா? எந்தப் பாவி அப்பிடி எழுதி வெச்சானோ."

"நான்தாங்க ஒத்துக்கிட்டு வந்தேன்."

"அட, நீ ஏன் கண்ணு பழிய இழுத்துப் போட்டுக்கற?"

"நெசந்தாங்க. மெட்ராஸ்ல கேட்டாங்க, தரையோட இருக்கற வூட்டுக்கு வேண்டாமான்னு. நான்தான் சரின்னேன்."

தீர்த்தம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "அப்ப எங்க நெனப்பு வரலையா கண்ணு?"

"வந்துச்சுங்க" என்றாள் பூவிழி.

தீர்த்தம்மாள் கையை விட்டுவிட்டாள்.