மூன்றில் ஒரு பங்கு கார்

நெய்வேலிக்கு ரோடு போட்டவர்கள் கார்களை மனதில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள். எங்களை அதற்குப் பிறகுதான் கொண்டுவந்து இறக்கினார்கள். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே இரண்டு தேர் எதிரெதிரே போகிற அகலத்துக்கு ரோடு கிடந்தது. அதில் நாங்கள் சைக்கிளில் போனோம். அதுவும் ஓரமாகத்தான் போனோம். நடுவில் போக ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சம் தாங்காமல் அறுபத்துநாலாம் வருஷம் மூன்று பேர் சேர்ந்து ஒரு கார் வாங்கினோம். நான், சடையப்பன், வேலுமணி. மூவரும் சுரங்கத்தில் ஆப்பரேட்டர்கள், மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட். கடலூரில் ஒரு டாக்டர் தனக்குக் கண் மங்கிவிட்டது என்று விற்ற பழைய மோரிஸ். ஆயிரத்தெண்ணூறு ரூபாய், ஆளுக்கு அறுநூறு. சுரங்கத்தில் ஒரே இயந்திரத்தை மூன்று ஷிப்டில் மூன்று பேர் ஓட்டுகிறோம், கார் என்ன அதைவிடப் பெரியதா என்றது நான்தான். பரமசிவத்துக்கு நல்ல மூளை என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் யாரும் சொல்லவில்லை.

ஏற்பாடு இதுதான். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் காரை எடுத்துக்கொள்வான். எட்டு மணி நேரம் கழித்து, அடுத்த ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் மெயின் கேட்டில் ஒப்படைத்துவிடுவான். ஒப்படைத்துவிட்டு அவன் வீட்டுக்கு எப்படிப் போவான் என்பதை நான் யோசிக்கவில்லை. அதனால் யார் ஓட்டினாலும் காரின் தலையில் அவனுடைய சைக்கிள் கட்டியிருக்கும். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஆறு மணிக்கும் கார் கைக்கு வருகிறவன் நேரே போய்த் தூங்குவான். ஆக, மூன்று வாரத்தில் ஒரு வாரம், மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரைக்கும்தான் நாங்கள் கார்க்காரர்கள். மற்ற நேரமெல்லாம் காருக்குக் காவல்காரர்கள்.

என் வீட்டுக்காரி இசக்கியம்மாள் ஒரே ஒரு தடவை ஏறினாள். இது என்ன, சைக்கிளுக்குக் கல்யாண ஊர்வலமா என்று கேட்டாள். மறுபடி ஏறவில்லை.

சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது இயந்திரத்தின் நிலைமையை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காருக்கும் அப்படி ஒரு நோட்டுப் போட்டோம். ‘பின்பக்க இடது கதவு திறக்கவில்லை. நான் எடுக்கும்போதே இருந்தது.’ ‘ஹாரன் விட்டு விட்டுக் கேட்கிறது. நான் எடுக்கும்போதே இருந்தது.’ அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும் ஒரு கோளாறுகூட எங்கள் யார் கையிலும் உண்டானதாகத் தெரியாது.

ஒரு வருஷத்தில் வேலுமணிக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது, எப்போதும் பகல் வேலையான ஜெனரல் ஷிப்டுக்குப் போய்விட்டான். எங்கள் சுற்றில் அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. என் அறுநூறைக் கொடுத்துவிடு என்று தினமும் என் வாசலில் வந்து நின்றான். அவன் பங்குக்கு ஆள் தேடவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. யோசனை சொன்னவன் நான் இல்லையா.

தேடத் தேவையே இருக்கவில்லை. தனகோட்டி இருந்தான்.

தனகோட்டிக்கு இருபத்துமூன்று வயது. சுரங்கத்தில் மண் கொண்டுபோகிற பெல்ட்டில் வேலை. எட்டு மணி நேரம் மண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தின வருஷம்தான் பெர்மனென்ட் ஆனான். அவனுக்குக் காரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ரோட்டில் போகிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமலே, ஜீப்பு, செகண்ட் கியரிலேயே இழுக்கிறார், பாவம் என்று சொல்லுவான். கார் இல்லாமலே கடலூர் போய் லைசென்ஸ் வாங்கிவந்து சட்டைப் பையில் வைத்திருந்தான். எங்கள் காரை அவனாகவே வந்து கழுவிவிடுவான். அவன் கழுவின அன்றைக்கு மட்டும் அது பார்க்க லட்சணமாக இருக்கும்.

போஸ்டாபீசில் அவன் பேரில் அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு இன்னொரு வேலையும் காத்திருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்தில் அவனுக்கு ஒரு அக்கா, ருக்குமணி. சுரங்கத்தில் காண்ட்ராக்டரிடம் மண் சுமக்கிறாள், நடவு நேரத்தில் வயல் வேலைக்கும் போவாள். அவள் புருஷன் வேலை தேடிப் பெங்களூர் போனவர். ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்த குடிசை, சிங்காரவேலு என்பவருடைய முந்திரித் தோப்பு மூலையில் இருந்தது. அக்கா தம்பியுடைய அப்பா அம்மா சாகும்வரை அவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. சிங்காரவேலு அதுவரை மூன்று தடவை குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் நடவுக்கு ஆள் வேண்டியிருந்ததால், சரி இரு என்று விட்டிருக்கிறார். நான்காவது தடவை என்ன சொல்லுவார் என்று தெரியாது.

அதே சிங்காரவேலு ரோட்டோரத்தில் ஐந்து சென்ட் விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு, ருக்குமணி அவர் வீட்டுப் பின்கட்டில் போய் நின்று விலை கேட்டாள். அறுநூறு, மாசக் கடைசிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

போஸ்டாபீஸ் பணத்தில் பாதி ருக்குமணி கூலியில் மிச்சம் பிடித்தது. இருந்தும் அவள் தம்பியை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. ஒன் பேர்ல இருக்குது, நீயே முடிவு பண்ணு என்றுவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும் அண்ணே என்று தனகோட்டி என்னிடம் வந்து புலம்பினான். திங்கட்கிழமை மனை என்பான். செவ்வாய்க்கிழமை கார் என்பான். மனை எங்கேயும் ஓடிவிடாது, கார் ஓடிவிடும் என்று ஒரு நாள் நியாயம் பேசினான். எங்கள் காரைப் பற்றி அப்படி நம்பிக்கையாகப் பேசினவன் அவன் ஒருவன்தான். சனிக்கிழமை போய் அறுநூறையும் எடுத்துவிட்டான், எதற்கு என்று தெரியாமலே.

பிறகு ஒரு திட்டத்தோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை என் முறை. மத்தியானம் அக்காவைக் காரில் ஏற்றி அந்த மனையைக் காட்டிவிட்டு வருவது. ஒரு தடவை காரில் உட்கார்ந்துவிட்டால் அக்காவே, மனை கிடக்கட்டும்டா என்று சொல்லிவிடுவாள் என்பது அவன் எண்ணம். நானும் உத்தமன் இல்லை. வேலுமணியின் தொல்லை ஒழிந்தால் போதும் என்று சம்மதித்தேன்.

தனகோட்டிதான் ஓட்டுவதாக ஏற்பாடு. ஆனால் ருக்குமணி பின்சீட்டில் தனியாக உட்கார பயப்பட்டாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று, நான் ஓட்டினேன். நான் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் பின்னால் அவன் பல்லைக் கடிப்பது கேட்டது. ருக்குமணி காரின் தலையில் இருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினாள். வழியெல்லாம் முன்சீட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கார் பிடித்திருக்கிறதா என்று தம்பி கேட்டான். காத்து நல்லா வருது என்றாள்.

மனை சிங்காரவேலு வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். கார் நிற்பதைப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து பேண்ட் சட்டையோடு தனகோட்டி இறங்குவதையும், அவன் பின்னால் ருக்குமணி இறங்குவதையும் பார்த்தார். முதலில் என்னிடம்தான் பேசினார்.

“டிரைவர், வண்டிய அந்தப் புளியமரத்து நெழல்ல வுடு.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்றில் ஒரு பங்கு சொந்தக்காரன் நான். ஆனாலும் வண்டியைப் புளியமரத்து நிழலில் விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். உள்ளேயிருந்து இரண்டு மடக்கு நாற்காலி வந்தது. உட்காரு தம்பி, நீயும் உட்காரும்மா என்றார் சிங்காரவேலு. அந்த வீட்டு முன்வாசலுக்கு ருக்குமணி வந்ததே அன்றைக்குத்தான். கூலி நெல் வாங்கப் பன்னிரண்டு வருஷம் பின்கட்டில் நின்றவள். அவள் நாற்காலியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், நுனியில் உட்கார்ந்தாள். முதுகு சாயவில்லை.

சிங்காரவேலு மனைப் பேச்சை எடுத்தார். அறுநூறு என்று சொன்னது அப்போது, இப்போது எண்ணூறு என்றார். காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இருநூறு ஒரு பெரிய விஷயமா என்று சிரித்தார்.

மரத்தடியில் நின்றுகொண்டு நான் கணக்குப் போட்டேன். எண்ணூறு இவனிடம் இல்லை. ஆகவே மனை இல்லை. மனை இல்லையென்றால் அறுநூறும் காருக்குத்தான். அக்காவே கண்ணால் பார்த்துவிட்டாள். தம்பி மேல் குற்றம் சொல்ல முடியாது. அவன் செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அக்காவுக்கு நாற்காலி மரியாதையும் நிலைக்கும், அவனுக்குக் காரும் கிடைக்கும். பேசாமல் இருடா என்று மனதுக்குள் சொன்னேன். பெருமைப்படவேண்டிய காரியம் இல்லைதான், ஆனால் சொன்னேன்.

தனகோட்டி காரைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். காலையில் அவன் கழுவினது, நிழலிலும் பளபளவென்று நின்றது. பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

“காரு என்னுது இல்லீங்க. அதோ நிக்கிறாரே, அவருது. மூணு பேரு ஷிப்ட் போட்டு வச்சினுகிறாங்க. ஒரு பங்கு வெலைக்கு வந்துது, வாங்கலாமான்னு பாத்துகினு இருந்தேன். எங்கிட்ட மொத்தமே அறுநூறுதாங்க.”

சிங்காரவேலு காரின் தலையில் இருந்த சைக்கிளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டினார். அப்புறம் ருக்குமணி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் எழுந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ருக்குமணி பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது.

“அறுநூறுன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னைக்கு நின்னுகினு கேட்டேன். இன்னைக்கு உக்காந்துகினு கேக்கறேன். வெல ஒண்ணுதான?”

அந்த நேரம் பார்த்து சிங்காரவேலுவின் மனைவி பட்டம்மாள் காபியோடு வந்தார். வெளியே நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. காரில் வந்த விருந்தாளி என்று வீட்டு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்திருந்தார். ருக்குமணி என்று கண்டதும் ஒரு கணம் நின்றார். ஆனால் கையை நீட்டியாகிவிட்டது. ருக்குமணி வாங்கிக்கொண்டாள். அதை ஆற அமரக் குடித்தாள். கையில் உங்கள் டம்ளரை வைத்திருக்கிறவளைப் பார்த்து எழுந்திரு என்று சொல்லுவது எப்படி? சிங்காரவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, அறுநூறே கொடுத்துவிட்டுப் போங்கள், பத்திரத்தை அடுத்த வாரம் எழுதிவிடலாம் என்றார்.

தனகோட்டி பணத்தை எண்ணிக் கொடுத்தான். கை எண்ணிக்கொண்டிருந்தது, கண் காரின் மேல் இருந்தது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை. என் பங்கை அவனுக்குச் சும்மா கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லவேளை, அந்த நிமிஷம் போய்விட்டது.

சிங்காரவேலு இப்போது என்னைக் கூப்பிட்டார். தனகோட்டி விட்ட நாற்காலியில் உட்காரச் சொன்னார். டிரைவராக இருந்தவன் கால் மணி நேரத்தில் சார் ஆகிவிட்டேன். அந்தப் பங்கு என்ன விலை சார் என்று கேட்டார். அறுநூறு என்றேன். அவர் கையில் இருந்த நோட்டுகளைப் பார்த்தார்.

திரும்பும்போது சாவியைத் தனகோட்டியிடம் கொடுத்தேன். ருக்குமணி இந்தத் தடவை பின்சீட்டில் தனியாகவே உட்கார்ந்தாள். டவுன்ஷிப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். ரோட்டின் நட்ட நடுவில் ஓட்டினான். அந்தக் கார் அவ்வளவு சத்தமில்லாமல் ஓடி நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான், தூசி என்றான். தூசிதான் என்று நானும் சொன்னேன்.

அடுத்த வாரமே சிங்காரவேலு வேலுமணியின் பங்கை வாங்கிக்கொண்டார். தனகோட்டி எண்ணிக் கொடுத்த அதே நோட்டுகள், மடிப்புகூட மாறவில்லை. அவருக்கு ஷிப்ட் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் போதும் என்றார். ஓட்டத் தெரியாது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் மாட்டேன் என்றுவிட்டேன். டிரைவர் என்று கூப்பிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. சடையப்பனுக்கு உயிர்மேல் ஆசை. தனகோட்டி, கூலி வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன் என்று ஓடிவந்தான்.

முன்சீட்டு குறுகல். தோளோடு தோள் இடிக்காமல் அதில் இரண்டு பேர் உட்கார முடியாது. கிளட்ச்சை மிதிங்க, அது இல்லீங்க, அதுக்கு இந்தாண்ட என்று தனகோட்டி பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வருவான். வடக்குத்தில் யாரும் அதுவரை அவரிடம் ‘அது இல்லீங்க’ என்று சொன்னதில்லை. இப்போது ஒரு மத்தியானத்துக்கு நாற்பது தடவை கேட்டார். ஐந்து சென்ட்டில் அப்போதுதான் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கூரை போடுவதற்கு முன்னாலேயே ருக்குமணி ஒரு மடக்கு நாற்காலி வாங்கியிருந்தாள். கார் குலுங்கிக் குலுங்கிப் போவதை அதில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஓட்டுகிறவன் நோட்டு எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்காகத் தனகோட்டி அழகான கையெழுத்தில் எழுதினான். மூக்குக்கண்ணாடி கொண்டுவராத சிங்காரவேலு படிக்காமலே அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

‘பிரேக் சரி. ஹாரன் விட்டு விட்டுக் கேட்கிறது. எதிரே நடந்து வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட மூன்றாவது ஓனருக்கு இன்னும் வரவில்லை. நான் எடுக்கும்போதே இருந்தது.’