சுவருக்கு மட்டும் வெயில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. வீட்டுப் பராமரிப்புப் பத்திரிகை ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டது: வீட்டைச் சூடாக்குகிற, குளிராக்குகிற இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன, எளிய தமிழில், அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி. எனக்கு அதில் ஓர் எழவும் தெரியாது. சரி என்றேன். தெரியாததை எழுதச் சொன்னால் சரி என்பதுதான் என் பிழைப்பு.

முதல் வரி நன்றாக வந்தது: "குளிர் என்று ஒரு பொருள் கிடையாது." இரண்டாவது வரிக்குள் அத்தை போன் செய்தாள். கட்டுரை அத்தோடு கெட்டது.

(முன்னாலேயே சொல்லி வைக்கிறேன். இதில் வரும் யாரையும் லேசில் நம்பிவிடாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான்.)

2

கட்டுரையில் தேறியது இவ்வளவுதான். இது இல்லாமல் கதை புரியாது என்பதால் வெட்டாமல் விடுகிறேன்.

குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. இருப்பது சூடு. குளிரூட்டும் இயந்திரம் குளிரைத் தயாரிப்பதில்லை; வீட்டுக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளுவதற்கு ஒரு திரவம் இருக்கிறது. தண்ணீர் கொதிக்க அடுப்பு வேண்டும். இதற்கு அறைக் காற்றின் சூடே போதும், கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே நிற்கிற கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கும், அமுக்க அமுக்க அது இன்னும் சூடேறும், அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே வரும். குளிர்காலத்தில் ஒரு வால்வு திரும்பிக்கொள்ளும். அப்போது வெளியே இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை அள்ளி உள்ளே கொட்டும். அதே இயந்திரம், அதே குழாய், திசை மட்டும் வேறு.

எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று சொல்வது நடைவழிச் சுவரில் மாட்டியிருக்கிற சின்னப் பெட்டி. தெர்மோஸ்டாட் என்பார்கள். வீடு எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தான் தொங்குகிற இடத்தில் எவ்வளவு சூடு என்று மட்டும் தெரியும். அதை நாம் வைத்த எண்ணோடு ஒப்பிட்டு வீடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லும்.*

* எங்கள் குடும்பத்தில் இந்த வேலை பெரியப்பாவுக்கு.

3

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்து ஓய்வு பெற்றவள். தனியாக இருக்கிறாள். ஊரில் ஒரு பெயர்ப்பலகையை நிம்மதியாகக் கடந்து போக அவளால் முடியாது; தப்பு கண்ணில் பட்டால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். தன்னிடம் யாரும் தப்பு கண்டுபிடித்ததில்லை என்பது அவளுடைய ஒரே கர்வம்.

"ஏண்டி, இந்த வெயில் காலத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். சுவத்துல இருபத்தேழுன்னு காட்டுது. எனக்குப் பல்லு தந்தியடிக்குது."

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மெஷின் இருபத்தேழு காட்டுது, உனக்குக் குளிருதுன்னா கோளாறு மெஷின்ல இல்லம்மான்னான்."

அத்தான் அவளுடைய ஒரே மகன். பாலம் கட்டும் எஞ்சினியர். ஞாயிறுதோறும் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் வரும்போது வீடு இதமாகத்தான் இருக்கும். அத்தை இருட்டிய பிறகு போன் செய்து குளிர்கிறது என்பாள். போன குளிர்காலத்திலும் இதே பாட்டுதான்: சாயங்காலமானால் ஹீட்டர் ஓடமாட்டேன் என்கிறது, ஆனால் பெட்டியில் எண் நன்றாகவே இருக்கிறது. நடுவில் ஒருநாள் பால் பொங்கி வழிந்திருக்கிறது, ஒருநாள் சாவியைக் கதவிலேயே விட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் சேர்த்து, அம்மாவுக்கு மறதி நோய் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார். முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார். எப்போதும் ஆள் பக்கத்திலிருக்குமாம். வீட்டை விற்றுவிடலாமாம்.

"என் வீட்டை விட்டு நான் எங்கடி போவேன்?" என்றாள் அத்தை. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்த குரல்.

(என் சாட்சியத்தைச் சந்தேகப்பட உங்களுக்கு ஒரு காரணமும் தந்துவிடுகிறேன். ஒரு காலத்தில் எனக்கும் அத்தானுக்கும் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். வேண்டாம் என்றவர் அவர். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்று எழுதினால் நம்பவா போகிறீர்கள்?)

4

மெக்கானிக்கை வைத்து ஒரு முழுப் பகுதி எழுதினேன். ஆள் கதையில் ஒட்டாததால் சுருக்கிவிட்டேன். எந்த மெக்கானிக்கும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்கிற வாக்கியம் "கேஸ் கம்மியா இருக்கும்." இவரும் சொன்னார். அளந்து பார்த்தார், கேஸ் சரியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம். வெளியே போய் கம்ப்ரஸரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"மெஷின் ராஜா மாதிரி ஓடுது மேடம். இதுமேல தப்பே இல்ல. வீட்ல யாரோ கை வைக்கிறாங்க."

"வீட்ல நான் மட்டும்தானேப்பா இருக்கேன்" என்றாள் அத்தை.

மெக்கானிக் என்னைப் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டினார். அத்தை அதைக் கவனித்துவிட்டாள். அவர் வந்தது பட்டப்பகலில் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதற்கு அடுத்த வரைவில், அத்தான் தன் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு போன் வழியாக அம்மாவின் வீட்டைக் குளிர வைக்கிறார் என்று எழுதினேன். விறுவிறுப்பாக வந்தது. ஆனால் அத்தை வீட்டுப் பெட்டி பழசு, போனோடு அதற்குப் பேசத் தெரியாது. அதனால் அந்தப் பகுதியை அடித்தேன். சந்தேகத்தை அடிக்க முடியவில்லை.

5

சரி, நேரில் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்று போனேன். கையில் கட்டுரைக்காக வாங்கிய கையேடு. வெளிச்சம் இருந்தவரைக்கும் வீடு நன்றாக இருந்தது. இருட்டத் தொடங்கியதும் மேலே இருக்கிற காற்று வாயிலிருந்து குளிர்ந்த காற்று இறங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. சோபாவில் இருந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். என் கை மயிர் சிலிர்த்து நின்றது. எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தேன். இருபத்தேழு.

"பாத்தியா? பாத்தியாடி?" அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உனக்கும் குளிருதுல்ல?"

"நடுங்குது அத்தை."

கையேட்டில் ஒரு பக்கத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது. பெட்டியின் மேல் வெயில் படக்கூடாது, அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக்கூடாது என்று போட்டிருந்தது. குனிந்து பார்த்தேன். பெட்டிக்கு நேர் கீழே செருப்பு அலமாரி. அதன் மேல் ஒரு விளக்கு. இருட்டினால் தானாக எரிந்து, விடிந்தால் தானாக அணைகிற வகை. உள்ளே பழைய குண்டு பல்பு. விளக்கை ஒட்டிய சுவரில் கை வைத்தேன், இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது.

பாவம், பெட்டி பொய் சொல்லவில்லை. அது தொங்குகிற இடத்தில் இருபத்தேழுதான். வீடு வெந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து இயந்திரத்தை விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. குளிர்காலத்தில் அதே விளக்கு, வீடு சூடாகத்தான் இருக்கிறது என்று அதை நம்ப வைத்து ஹீட்டரை ஓடவிடாமல் செய்திருக்கிறது. இரண்டு பருவத்திலும் அத்தைக்கு ஒரே பலன்.

விளக்கைத் தூக்கி, ஒயர் எட்டிய மட்டும் தள்ளித் தரையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண் இறங்கியது, காற்று நின்றது. வீடு அமைதியானது. "உனக்கு ஒண்ணும் இல்ல அத்தை! ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன்.

அத்தை சிரிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா எரியுதுன்னே தெரியல. இத அங்க யாருடி வச்சது?"

6

இங்கே எழுத்தாளருக்கு வசதி அதிகம். கதையில் விளக்கை வைத்தது நான்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முதல் வரைவில் விளக்கே கிடையாது. ஆனால் அத்தை வீட்டில் இருந்த விளக்கை —

(அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.)

அத்தான் வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பருவத்திலும் பிசகாமல் வேலை செய்கிற சதி, பகலில் வருகிறவர் கண்ணில் படாத சதி. ஓர் எஞ்சினியருக்குத்தான் தோன்றும். ஆனால் பாலம் கட்டுகிறவருக்கு இது தோன்றுமா? அத்தை வைத்தாள் என்றால், இருட்டில் செருப்பு தேட வசதியாக வைத்து, பல்பும் மாட்டி, அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள் என்று ஆகும். அப்படியானால் அத்தான் சொன்னதுதான் சரி.

இன்னொன்று இருக்கிறது. அம்மா இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அத்தான் அன்போடு வைத்துவிட்டுப் போனார். அதனால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். கண் கலங்குவார். அதனாலேயே எனக்கு இதன் மேல் சந்தேகம்.

இதற்கு ஏன் இத்தனை சுற்று, அத்தானையே கேட்டால் முடிந்தது என்கிறீர்கள். நானும் போனை எடுத்தேன். அத்தை பிடுங்கிவிட்டாள்.

"கேக்காதே. கேட்டா, என் மேலயே சந்தேகமாம்மான்னு கேப்பான். அதுக்கப்புறம் அவன் எதைச் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

"உண்மை தெரிய வேண்டாமா உனக்கு?"

ஸ்வெட்டர் பொத்தானைத் திருகினாள். "நான் வச்சிருந்தா எனக்கு மூளை போச்சு. அவன் வச்சிருந்தா எனக்குப் பிள்ளை போச்சு. மூளை போனா ஆள் வச்சுப் பாத்துக்கலாம்டி."

அத்தானைக் கேட்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். தன் தலையில் கை வைக்கச் சொல்லி வாங்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. செய்துகொடுத்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து காரை நிறுத்தியபோது அவர் முகத்தில் ஒரு — (இல்லை. முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தேடிக்கொண்டிருந்தேன், தேடினால் எதுவும் கிடைக்கும்.)

விளக்கை அத்தை பழையபடி செருப்பு அலமாரி மேலேயே வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"டேய், குளிருக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. அந்த விளக்குதான். பெட்டிக்குக் கீழ நான்தான் வச்சிருக்கேன். வச்சதே ஞாபகம் இல்லடா."

நான் அத்தானையே பார்த்தேன். அவர்தான் வைத்தார், அதுவும் அன்பாக வைத்தார் என்றால், இந்த இடத்தில் "ஐயோ, நான்தாம்மா வச்சேன்" என்றிருக்க வேண்டும் இல்லையா? சொல்லவில்லை. இனிப்பான முடிவு அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே செத்தது. அவர் பெருமூச்சு விட்டார். அது வருத்தத்தின் மூச்சா, தப்பித்த மூச்சா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

எழுந்து போய், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். பிளக் வெளியே தெரியாது. அவர் கை தேடவில்லை. நேராகப் போனது.*

* அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. எந்தச் சுவரில் எந்தப் பிளக் என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"பரவாயில்லம்மா. இப்பவாவது புரியுதா, நான் ஏன் சொல்றேன்னு?"

"புரியுதுடா."

"நாளைக்கு வேற எதையாவது மறந்துட்டா? அடுப்பை மறந்துட்டா?"

"ஆமாண்டா. நீ பாத்து வச்ச எடத்துக்கே வரேன்."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரிப் பிடித்தாள். அந்தப் பிடியில் மறதி எதுவும் இல்லை. அவள் சொன்னது பொய் என்று அந்த நொடியில் நான் சாதித்திருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது: ஒருவேளை அவளுக்கு இடையில் ஞாபகம் வந்துவிட்டதோ? அது பொய்யே இல்லையோ?

8

வீடு கைமாறிவிட்டது. அத்தை இப்போது இருக்கிற இல்லத்தில் அறைக்கு அறை தனிப் பெட்டி. "குளிரே இல்லடி" என்கிறாள். அத்தான் ஞாயிறுதோறும் போகிறார். பழம் நறுக்கிக் கொடுக்கிறார், அம்மாவின் நகத்தை வெட்டிவிடுகிறார். நானே பார்த்தேன். பார்த்துவிட்டு, அன்பா குற்ற உணர்ச்சியா என்று கணக்குப் போட்டுக்கொண்டே படியிறங்கினேன். இந்த வியாதி எனக்கு இனிப் போகாது.

இந்தக் கதையை அவளிடமே திருத்தக் கொடுத்தேன். ஒற்று விட்ட இடங்கள், கமா தப்பாகப் போட்ட இடங்கள், ஒன்று விடாமல் பிடித்திருந்தாள். மறதிக்காரியின் திருத்தம் மாதிரியே இல்லை. 'விளக்கைத் தான்தான் வைத்ததாக அத்தை சொன்னாள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'அத்தைதான் வைத்தாள்' என்று எழுதியிருந்தாள். மற்ற திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டேன். இதை மட்டும் ஏற்கவில்லை. அந்த வரியையே தூக்கிவிட்டு, அவள் மேஜையில் பேசியதைப் பேசியபடி போட்டுவிட்டேன்.

முடிவு என்னிடம் இல்லை. ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது அது, கேட்டால் அத்தான் பதில் சொல்லக்கூடியவர்தான். கேட்கமாட்டேன் என்று நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

நீங்கள் செய்யவில்லை.