நாலு இஞ்சி ஓட்டை

செலீன் அன்ரியின் ஆத்திரம் மகளின் கோட்டில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பெட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போட்டாளாம். மகள் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதாளாம். அன்ரி எடுத்து மணந்து பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு. தன் வீட்டுக் கருவாடு இல்லையாம், கீழ்வீட்டுக் கருவாடாம். தன் சட்டியில் கிடக்கும் கருவாட்டுக்கு மணமிருக்கிறதென்று இந்த உலகத்தில் எவர்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்?

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. பேனாட் தன் வேலைச் சாமான்களை வான் வண்டியிலிருந்து இறக்கி முடிப்பதற்குள் இவ்வளவையும் வாசலில் நின்றே சொல்லி முடித்துவிட்டாள். பேனாட் மன்னார் ஆள். வீடுகளில் காற்று ஒழுகும் இடங்களைக் கண்டுபிடித்து அடைக்கிற கொம்பனி ஒன்றில் மூன்று வருடமாக வேலை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்துத்தான் அன்ரி அவனைப் பிடித்தாள். இந்தக் குளிர்தேசத்தில், வெக்ஸ்போர்ட்டில் பதின்மூன்று வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறவள் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

"கீழை இருக்கிறது மட்டக்களப்புச் சனம். அகதியா வந்ததுகளெண்டு பாவம் பாத்து விட்டனாங்கள். இருக்க இடம் குடுத்தாப் படுக்கப் பாய் கேக்குதுகள். தம்பி, அவையின்ரை காத்து ஒரு சொட்டும் மேலை வரக்கூடாது. விளங்குதே?"

பேனாட்டுக்கு விளங்கியது. அவனும் அகதியாக வந்தவன்தான். வேலை வேலைதானே என்று வாயை மூடிக்கொண்டான்.

முன்கதவைத் திறந்து, அந்த இடத்தில் தான் கொண்டுவந்த பலகையைப் பொருத்தி, பலகையில் இருந்த பெரிய ஃபானைப் போட்டான். அது வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் காற்று பீறிட்டு வரும். அழுத்தம் காட்டும் அளவுமுள் ஐம்பதில் நிற்கும்போது, கையில் ஒரு சின்னப் புகைக்குழாயோடு சுவர் சுவராகப் போனால் போதும், புகையே காட்டிக் கொடுத்துவிடும். கோட்டுகள் தொங்கும் அலுமாரியைத் திறந்தான். அதன் அடியில் தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. புகை கூரையைப் பார்த்து எகிறியது. கீழ்வீட்டு அடுப்பு நேரே அதற்குக் கீழே. குற்றம் கருவாட்டில் இல்லை, வீட்டைக் கட்டியவனில்தான்.

கீழே போனான். கோணேஸ்வரி ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். புருஷன் மாமாங்கம் பக்டரிக்குப் போய்விட்டான். அடுப்புக்கு மேலே, சாப்பாட்டுக் கடையில் கழற்றிய பெரிய ஃபான் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அன்ரியின் புருஷன் றொபேட் அங்கிள் கொண்டுவந்து பூட்டியது. அடுப்பில் ஒன்றும் இல்லை.

"சமைக்கேல்லைத்தானே அக்கா, ஏன் உது ஓடுது?"

"எப்பவும் ஓடும் தம்பி. காலம எழும்பினாப் போட்டிருவன், படுக்கக்குள்ளதான் நிப்பாட்டுற. சத்தம் நிண்டா மேல காலால தட்டுவாங்க."

சமைக்கும்போது போடு என்று சொன்னதைப் பயத்தில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவன் வீட்டில் மூச்சு விடுவதற்கும் உத்தரவு கேட்கப் பழகிய சனம் நாங்கள், வேறென்ன செய்வாள்?

பின்னேரம் நாலு மணிக்குள் பேனாட் எல்லாவற்றையும் அடைத்துவிட்டான். அலுமாரியின் அடி, படிக்கட்டுக் கதவின் விளிம்பு, அத்திவாரமும் மரமும் சேருகிற இடம் முழுவதும். அன்ரி அலுமாரிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்துச் சிரித்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. முதலாளி படித்துப் படித்துச் சொன்னது. வீட்டை அடைத்தபின், இருக்கிற ஃபான் எல்லாவற்றையும் போட்டு, காஸில் எரிகிற சுடுதண்ணீர்த் தாங்கியின் தலையில், புகைபோக்கி தொடங்கும் இடத்தில், புகையைப் பிடித்துப் பார்க்காமல் வெளிக்கிடாதே.

கீழே தாங்கியடியில் போய்ப் பிடித்தான். புகை மேலே போகவில்லை. திரும்பி அவன் முகத்தில் அடித்தது. அடுப்பு ஃபானுக்குக் காற்று வேண்டும். வருகிற வழியையெல்லாம் அவன்தான் அடைத்துவிட்டான். அது இப்போது புகைபோக்கி வழியாக இழுத்தது, எரிந்த காஸையும் சேர்த்து. பேனாட் மேலே ஓடினான்.

"அன்ரி, பேஸ்மென்ற்றுக்கு வெளிக்காத்து வர ஒரு பைப் வைக்கவேணும். நாலு இஞ்சி அகலத்திலை ஓட்டை ஒண்டு. இல்லாட்டி காஸ் புகை திரும்பி வரும். ஆக்கள் செத்துப்போவினம்."

"ஓட்டை அடைக்கத்தானே உம்மைக் கூப்பிட்டனான்? இந்தக் குளிருக்கை வீட்டிலை ஓட்டை போடச் சொல்லுறீரோ?"

"அப்ப அந்த ஃபானையாவது கழட்டுங்கோ."

"கழட்டினா மணம்?"

"கருவாட்டு மணம் ஆளைக் கொல்லாது அன்ரி. கொல்லுற புகைக்கு மணமே இல்லை."

"உம்மடை கொம்பனிக்காரன் பைப் விக்கிறதுக்குச் சொல்லித்தந்த கதை. றொபேட்டிட்டைக் கேட்டுச் சொல்லுறன், நீர் வெளிக்கிடும்."

இப்படிப்பட்ட வீட்டுக்கென்று கொம்பனியில் ஒரு போம், அச்சடித்த படிவம், இருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தால் காஸ்காரர் வந்து பார்ப்பார்கள். பேனாட் அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே போய்க் கோணேஸ்வரிக்கு எல்லாவற்றையும் சொன்னான். அவள் போமைத்தான் பார்த்தாள்.

"எழுதிடாதீங்க தம்பி. இந்தப் பேஸ்மென்ற் வாடகைக்கு விடக்கூடாத பேஸ்மென்ற்றாம். ஆக்கள் வந்து பாத்தா எங்களத்தான் வீட்டால எழுப்புவாங்க. கைப்புள்ளயோட அஞ்சு வீட்டுல இல்லையெண்டு சொல்லிட்டாங்க. நான் யன்னலத் துறந்து வைக்கன். சத்தியமா வைக்கன்."

தலைக்கு மேலே ஒரு சின்ன யன்னல். பேனாட் அதை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துப் புகையைப் பிடித்துப் பார்த்தான். மேலே போனது. 'இதை மட்டும் மூடவேண்டாம் அக்கா' என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, போமை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். இரக்கம் என்று நினைத்துத்தான் செய்தான். விசரன்.

அன்றிரவு அவனுக்கு நித்திரை வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், சுத்தியலை விட்டுவிட்டுப் போனதாகப் பொய் சொல்லிக்கொண்டு வந்து கீழே இறங்கினான். யன்னல் இடுக்கில் ஒரு தலையணை. பூப்போட்ட உறை போட்ட, குழந்தையின் சின்னத் தலையணை. ஃபான் இரைந்துகொண்டிருந்தது.

"விடிய விடியப் புள்ளைக்கு இருமல் தம்பி," என்றாள் கோணேஸ்வரி. நெற்றியில் துணி கட்டியிருந்தாள். "கொஞ்ச நேரத்துக்குத்தான் அடைச்ச. எனக்கும் காலம தொட்டுத் தலையிடி. ஆனாப் புள்ள இப்ப நல்லா நித்திர. பாலுக்கும் எழும்பல்ல."

பேனாட் குழந்தையைக் கட்டிலில் கிடந்த போர்வையோடு அள்ளிக்கொண்டு படியேறி ஓடினான். கோணேஸ்வரி காலில் செருப்பும் இல்லாமல் பின்னால் ஓடிவந்தாள். பனிக்குள் நின்று குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். தட்டினான், தட்டினான். அரை நிமிடமோ என்னவோ, அது முகத்தைச் சுளித்து வீரிட்டு அழுதது. தன் வாழ்நாளில் அவன் ஒரு சத்தத்துக்காக அப்படிக் காத்துக்கொண்டு நின்றதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றான். அங்கே விலாசம் கேட்பார்களே என்று அவள் மாட்டேன் என்றாள்.

அவன் அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை. ஃபானின் வயரைக் கழற்றினான், யன்னலை முழுதாகத் திறந்தான், மேலே போய் அன்ரியின் சமையலறை மேசையில் வைத்தே போமை நிரப்பினான். அன்ரி தடுக்கவில்லை. காஸ்காரர் எப்போது வருவார்கள் என்று மட்டும் கேட்டாள்.

"திங்கக்கிழமை."

"அப்ப சனிக்கிழமைக்குள்ளை அதுகள் வெளிக்கிடவேணும். கீழை ஆக்கள் இருந்த அடையாளமும் இருக்கக்கூடாது."

"தை மாசத்திலை எங்கை போறது அன்ரி?"

"எழுதினது நீர். நானே எழுதினனான்?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். சனிக்கிழமை பேனாட் வானைக் கொண்டுவந்து நின்றான். சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டுக் குப்பைப் பைகள், ஒரு அரிசிப் பை, பிள்ளையார் படம். நகரத்தின் மறுபக்கத்தில், பார்க்டேலில், மாமாங்கத்தின் சகோதரன் முறையானவன் ஒருவன் இருந்தான், ஒரு அறைக்குள் ஏற்கெனவே ஆறு பேர். மாமாங்கம் பைகளை ஏற்றினான். கோணேஸ்வரிதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"சாகாமக் காப்பாத்தினீங்க தம்பி. சரி. மறுகா எங்க கொண்டுபோய் வச்சுக் காப்பாத்தப் போறீங்க?"

பேனாட் வானின் கதவைச் சாத்தினான். வானை ஓட்டினான்.

திங்கட்கிழமை காஸ்காரர் வந்து, வெளிக்காற்று வரும்வரை தாங்கியைப் பாவிக்கக்கூடாதென்று சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனார்கள். கீழே யாரும் இல்லாதபடியால் வேறொன்றும் கேட்கவில்லை. அன்ரிக்குச் சுடுதண்ணீர் இல்லாமற் போனது. ஒரு நாள் கேத்தலில் கொதிக்கவைத்துக் குளித்தாள், இரண்டு நாள் குளித்தாள். மூன்றாம் நாள் கொம்பனிக்குப் போன் அடித்துவிட்டாள். முதலாளி பேனாட்டைத்தான் அனுப்பினார்.

நாலு இஞ்சி ஓட்டை. சுவரை வெட்டி, பைப்பை வைத்து, வெளியே வலை அடித்து, குளிர் அறைக்குள் கொட்டாமல் அடியில் தேங்கி நிற்க உள்நுனியை ஒரு வாளிக்குள் இறக்கிவிட்டான். நாற்பது நிமிடம். எல்லா ஃபானையும் போட்டுப் புகையைப் பிடித்தான். ஒழுங்காக மேலே போனது. ஃபான் ஓடட்டும், கருவாடு வேகட்டும், குழந்தை நித்திரை கொள்ளட்டும், இனி ஒருவருக்கும் ஒன்றும் வராது. வெற்று அறையில் நின்று அவன் தூஷணத்தால் ஏசினான், யாரை என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்ரி தேத்தண்ணியோடு இறங்கி வந்து பைப்பைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானே தம்பி? உதை அண்டைக்கே வடிவாச் சொல்லியிருந்தா, அதுகளை எழுப்பவேண்டி வந்திராதே."

"சொன்னனான் அன்ரி."

"சொன்னீர்தான். உவ்வளவு சின்ன வேலையெண்டு நான் நினைக்கேல்லை." தேத்தண்ணியை நீட்டினாள். "இனிப் பயமில்லைத்தானே? அப்ப ஆரும் நல்ல சனம் இருந்தாச் சொல்லும். குழந்தை குட்டி இல்லாத ஆக்களாப் பாத்து."

அவன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. யன்னலுக்குக் கீழே அந்தச் சின்னத் தலையணை விழுந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு போனான்.

வேலை முடிந்து பார்க்டேலுக்குப் போய்க் கதவைத் தட்டினான். கோணேஸ்வரி பாதிதான் திறந்தாள். தலையணையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். இருமல் சத்தம் கேட்டது. பிறகு, குளிர் உள்ளே வராமல் இருக்க, அவள் கதவின் அடி இடுக்கில் தலையணையைத் திணித்து அடைப்பதும் தெரிந்தது.